மாதிரி வினாத்தாள்ல விடை மட்டும் போதாது, காரணமும் போடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் செங்கோட்டைல வீட்டுத் திண்ணைல வச்சு சாயங்காலம் ட்யூஷன் எடுக்கேன். இப்ப பத்தாம் வகுப்புல பதினோரு பிள்ளைங்க, அதுல ரெண்டு பேர் ஆரியங்காவுலேருந்து புளியரை செக்போஸ்ட் தாண்டி வாராங்க, அவங்க கேரளா எஸ்.எஸ்.எல்.சி. மத்தவங்க எல்லாம் நம்ம ஸ்டேட் போர்டு. பப்ளிக் எக்ஸாம் நெருங்கும்போது நம்ம பேப்பர்ல மாதிரி வினாத்தாள் போடுதீங்கல்ல, அதை நான் வருஷா வருஷம் வெட்டி அட்டைல ஒட்டி வச்சிருக்கேன். அந்த நன்றியோடதான் இத எழுதுதேன்.

ஸ்டேட் போர்டு இங்கிலீஷ் பரீட்சைல தப்பு கண்டுபிடிச்சு திருத்துற கேள்விக்கு 5 மார்க், பத்தி படிச்சு பதில் எழுதுறதுக்கு 8 மார்க். ரெண்டும் சேத்தா 13. பாஸ் மார்க்கே 35ங்கும்போது, தோத்துருவோமோன்னு பயந்துகிட்டே இருக்கிற பிள்ளைக்கு இது எவ்வளவு பெருசுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. ஆனா இந்த ரெண்டையும்தான் பிள்ளைங்க மனப்பாடம் பண்ணிட்டு வாராங்க ஐயா. தப்பு திருத்துறத எப்படி மனப்பாடம் பண்ண முடியும்? கைடுல இருக்கிற அம்பது வாக்கியத்தையும் அதோட விடையையும் அப்படியே நெட்டுரு போடுதாங்க, பரீட்சைல அம்பத்தி ஒண்ணாவது வாக்கியம் வந்தா கை நடுங்குது. போன வருஷம் நான் காசு குடுத்து வாங்கின ஒரு கைடுல விடையே தப்பா இருந்துச்சு, 'ஈச் ஆஃப் தி பாய்ஸ்'க்கு அப்புறம் 'ஹேஸ்' வர வேண்டிய எடத்துல 'ஹேவ்'னு போட்டு அதுதான் சரின்னு அச்சடிச்சிருந்தாங்க. காரணம் ஒரு வரி போட்டிருந்தா எழுதினவங்களுக்கே அந்த தப்பு தெரிஞ்சிருக்கும்.

ஒருநாள் போர்டுல 'ஷீ கோ டு ஸ்கூல்'னு எழுதி தப்பு எங்கன்னு கேட்டேன். ஒருத்தரும் வாயத் தொறக்கல. சரி, தமிழ்ல 'அவ ஸ்கூலுக்குப் போறான்'னு சொன்னா எப்படி இருக்குன்னு கேட்டேன், எல்லாரும் சிரிச்சிட்டாங்க. காதுக்கே தெரியுதுல்ல, நாம 'அவன்'னு ஆம்பளப்பிள்ளைய சொன்னா 'ஆன்' போடுதோம், 'அவ'ன்னு பொம்பளப்பிள்ளைய சொன்னா 'ஆள்' போடுதோம், அதே மாதிரி இங்கிலீஷ்காரனும் 'ஹீ', 'ஷீ'ன்னு வேற ஒரு ஆளைச் சொன்னா 'கோஸ்'னு ஒரு வால் சேக்கிறான், அவ்வளவுதான்னேன். ஆனா ஆரியங்காவு பிள்ளை ரெண்டும் சிரிக்கல. அப்பதான் எனக்கே உறைச்சது, மலையாளத்துல அவன் போயி, அவள் போயி, ஞான் போயி, எல்லாத்துக்கும் ஒரே போயிதான், வினை மாறவே மாறாது. அவங்களுக்கு அந்த வால் எங்கேருந்து ஞாபகம் வரும்? அதனால அவங்கள முதல்ல யார் செய்றாங்கங்கிற வார்த்தைக்கு அடியில கோடு போட வச்சு, அப்புறம் வினையைப் பாக்கச் சொன்னேன், ரெண்டு வாரத்துல பிடிச்சுட்டாங்க. எல்லைப்பக்கம் இருக்கிற எங்களுக்கு ஒரே திண்ணைல ரெண்டு விதமா சொல்லிக்குடுக்க வேண்டியிருக்கு.

தமிழே விடை சொல்ற எடம் இன்னும் எத்தனையோ இருக்கு. 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட் ஆர்'னு எழுதுற பிள்ளைக்கிட்ட 'என் ஃப்ரெண்டுங்கள்ல ஒருத்தன் வந்தான்'னு சொல்ல வச்சா போதும், ஃப்ரெண்டுங்க பன்மை, வந்தான் ஒருமை, ரெண்டு தப்பும் தன்னால வெளிய வந்துரும். 'ரெண்டு வருஷமா'ன்னா ஃபார், '2018லேருந்து'ன்னா சின்ஸ், நம்ம பேச்சுலயே ரெண்டும் தனித்தனியாத்தான இருக்கு. 'மழை பெஞ்சாலும் போனான்'ல 'ஆனா' வராதுல்ல, அப்ப 'தோ' (though) போட்டா 'பட்' எதுக்கு. தமிழ் கைவிடுற எடமும் உண்டு, 'அதைப்பத்திப் பேசினோம்'ங்கிற பழக்கத்துல 'டிஸ்கஸ்' பக்கத்துல 'அபவுட்' போட்டுருவாங்க, அத மட்டும் தனியா எழுதி சுவத்துல ஒட்டச் சொல்லிட்டேன்.

பத்தி படிக்கிறது இன்னும் கஷ்டம். நானே எங்க ஊர் ரயில் பாதைய பத்தி ஆறு வரி இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்தேன். 1904ல மலையைக் குடைஞ்சு வந்த பாதை, கழுதுருட்டி பக்கத்துல பதிமூணு கண் பாலம், அகலப்பாதை வேலைக்காக 2010ல மீட்டர் கேஜ் நின்னது, 2018ல புனலூர் வரைக்கும் திரும்ப ரயில் ஓடினது, இவ்வளவுதான் விஷயம். கேள்வி, எத்தனை வருஷம் ரயில் இல்லாம இருந்துச்சு? நாலு பேர் 2010ன்னு எழுதினாங்க, அஞ்சு பேர் 2018ன்னு எழுதினாங்க, ரெண்டே பேர்தான் கழிச்சுப் பாத்து எட்டுன்னு எழுதினாங்க. கேள்வில இருக்கிற வார்த்தைய பத்தில தேடி, அது இருக்கிற வரிய அப்படியே காப்பி அடிக்கிறதத்தான் இவ்வளவு நாளா படிச்சு பதில் எழுதுறதுன்னு நெனச்சிட்டு இருந்திருக்காங்க. பிள்ளைங்க மேல தப்பில்ல, கைடுல இருக்கிற கேள்வி பூரா அப்படித்தான் இருக்கு.

கேரளா வினாத்தாள்ல, நான் பாத்த வரைக்கும், தப்பான வார்த்தைக்கு அடியில கோடு போட்டே குடுத்திருக்காங்க, திருத்த மட்டும் செஞ்சா போதும். நம்ம பிள்ளைங்க தப்பையும் அவங்களேதான் கண்டுபிடிக்கணும். அதனால பழகும்போதாவது முதல்ல கோடு போட்டது, அப்புறம் கோடு இல்லாததுன்னு படிப்படியா குடுத்தா நல்லா இருக்கும், நான் அப்படித்தான் செய்யுதேன்.

நான் கேக்கிறது இதுதான் ஐயா. இந்த வருஷம் மாதிரி வினாத்தாள் போடும்போது ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்துல ஏன்னு ஒரு வரி தமிழ்ல போடுங்க. பத்திக்கு நம்ம பேப்பர்ல அன்னைக்கு வந்த செய்தி ஒண்ணையே எளிமையான இங்கிலீஷ்ல ஆறேழு வரியா சுருக்கிப் போடுங்க, எந்த கைடுலயும் இருக்காது, மனப்பாடம் பண்ணவும் முடியாது. விடைய அதே பக்கத்துல தலைகீழா போடாம மறுநாள் பேப்பர்ல போடுங்க, ஒரு ராத்திரியாவது பிள்ளை யோசிக்கும். எடம் பத்தாதுன்னா கேள்வி எண்ணிக்கைய பாதியா கொறைச்சாலும் பரவாயில்ல. என் பிள்ளைங்க நோட்டுல சேந்திருக்கிற தப்புங்க இருநூறுக்கு மேல இருக்கும், காரணத்தோட எழுதி வச்சிருக்கேன், வேணும்னா பிரதி எடுத்து அனுப்பி வைக்கேன்.

இப்படிக்கு,
ட்யூஷன் டீச்சர் ஒருத்தி,
செங்கோட்டை, தென்காசி மாவட்டம்