அட்டனிலிருந்து தலவாக்கலை வரை: வழி காட்டியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்பான அக்காமாருக்கும் அண்ணன்மாருக்கும்,

பேர் போட்டு எழுதினால் உங்களில் பாதிப் பேர் கோபித்துக்கொள்வீர்கள். அதனால் யாருடைய பேரும் இல்லாமல்தான் இந்த மடல் வருகிறது. வாசித்தால் யாருக்கு எந்தப் பகுதி என்று தெரிந்துவிடும்.

உயர்தர வகுப்பில் புவியியல் படிக்கும் எங்கள் பிள்ளைகள், மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், இலங்கை மலையகத்தின் அட்டனிலிருந்து தலவாக்கலைக்கு நடந்தே போனார்கள். பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாத தூரம். ஆனால் பிள்ளைகளுக்கு இந்த ஆசை 2023 இலேயே வந்துவிட்டது. மலையக மக்கள் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து இந்த மண்ணுக்கு வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு கூட்டம் நடந்து வந்ததல்லவா, அதைப் பார்த்த நாளிலிருந்து "நாங்களும் எங்கேயாவது நடக்கணும் சேர்" என்று நச்சரிப்பு. சரி, அவ்வளவு தூரம் வேண்டாம், பக்கத்து டவுன் வரைக்கும் போவோம் என்று ஒத்துக்கொண்டேன். ஒரே ஒரு நிபந்தனை: தார் ரோட்டில் நடப்பதில்லை, தேயிலைத் தோட்டத்துக் குறுக்கு வழியாகத்தான்.

அந்தக் குறுக்குகள் போனில் இருக்கும் வரைபடத்தில் கிடையாது. அங்கே தெரிவது நுவரெலியா வீதியும் ரயில் பாதையும், நடுவில் வெறும் பச்சையும். அந்தப் பச்சைக்குள் எங்களைக் கூட்டிப் போனவர், தோட்டத்தில் வாச்சராக, அதாவது காவல்காரராக, இருந்து ஓய்வு பெற்ற தாத்தா. முதல் நன்றி அவருக்கு. முன்பு மட்டக்குதிரை போன பாதை எது, இப்போது காடேறிக் கிடக்கும் மலையில் எங்கே கால் வைக்கலாம், எந்தக் கானை (வடிகாலை) தாண்டினால் அட்டை குறையும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். புறப்படும் முன்பே எல்லோருடைய காலுறையிலும் சவர்க்காரத்தைத் தேய்க்க வைத்தார். தேய்க்காமல் டபாய்த்த இரண்டு பேர் மத்தியானம் வரை குனிந்து அட்டை பிடுங்கிக்கொண்டே வந்தார்கள்.

சிங்கமலைச் சுரங்கத்துக்குள் நடக்க வேண்டும் என்று பையன்கள் ஒற்றைக்காலில் நின்றார்கள். அரை கிலோமீட்டருக்கும் மேல் நீளமான ரயில் சுரங்கம் அது. ரயில் 1884 இல் அட்டன் வரை வந்து, மறு வருடமே நானுஓயாவைத் தொட்டது என்பதால் அந்த அவசர வேலையின் அடையாளத்தைப் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு ஒரு நியாயம் இருந்தது. தாத்தா அசையவில்லை. "ரெயில் ரோட்டுல நடக்கிறதே கேஸு. உள்ளுக்கு மாட்டினா ஒதுங்க எடம் தேடணும்" என்று சொல்லிவிட்டு மேலே கைகாட்டினார். மலைமேல் ஏறிப் போனோம். அதற்காகப் பெற்றோர் சார்பில் அவருக்குத் தனியாக ஒரு கும்பிடு.

ஏறியதும் நல்லதாகவே போயிற்று. மேலே நின்றபோது மேகம் விலகியது. டிக்கோயாப் பக்கம் விழும் மழை காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குள் போய், களனி ஆறாகிக் கொழும்புப் பக்கம் கடலில் கலக்கிறது. கொட்டகலைப் பக்கம் விழுவதோ கொத்மலை ஓயாவில் சேர்ந்து, மகாவலியாகித் திருகோணமலைப் பக்கம் போகிறது. நீரேந்துப் பிரதேசம் என்று கரும்பலகையில் கோடு கிழித்து நான் எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன். அங்கே ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

அப்புறம் மழை. மாசியில் அப்படிக் கொட்டும் என்று யாரும் நினைக்கவில்லை. ஓடிப்போய் ஒதுங்கியது, பறித்த இலையை நிறுக்கும் கொட்டகையான கொழுந்து மடுவத்தில். நிறுவைக்கு நேரம், அக்காமார் கூடையோடு வரிசையில் நின்றார்கள். நனைந்த கூட்டம் ஒன்று உள்ளே புகுந்தால் யாருக்கும் எரிச்சல் வரும். நீங்கள் நகர்ந்து இடம் கொடுத்தீர்கள். மழை விட்டதும் "இன்னும் தூறும், போட்டுக்கிட்டுப் போங்க" என்று மழைக்குப் போட்டுக்கொள்ளும் உங்கள் மாற்றுப் படங்குகளை அவிழ்த்துக் கொடுத்தீர்கள். அன்றைக்கு உங்களுக்கு நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் பிள்ளைகளில் பலருடைய அம்மாமாரும் மலையில்தான் நிற்கிறார்கள். அதனால்தான் யாரும் அங்கே படம் எடுக்கவில்லை. சும்மா நிற்பதற்குக் கூச்சப்பட்டு நாலைந்து பேர் உங்களோடு நிரையில் இறங்கிப் பறிக்கத் தொடங்கினார்கள். "முத்தல் இலையைப் போட்டு எங்க பேரைக் கெடுக்காதீங்க" என்று, வேலையை மேற்பார்க்கும் கங்காணி அண்ணன் போட்ட சத்தத்துக்கும் நன்றி. ஒரு பிள்ளை மட்டும் அவரிடம் நல்ல பேர் வாங்கினாள். அவள் விடுமுறையில் கைக்காசுக்குப் பறிக்கிறவள்.

இனி எழுதுவது சிலருக்குச் சின்ன விஷயமாகப் படலாம். பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நாள் முழுவதும் தேயிலைக்குள் நடப்பவர்களுக்கு அது சின்ன விஷயமே இல்லை. வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவின் ஆயாம்மா, நாங்கள் கேட்காமலே நீங்கள் கழிவறையைத் திறந்து, பீலியிலிருந்து தண்ணீர் பிடித்து வைத்து, சவர்க்காரமும் எடுத்துக் கொடுத்தீர்கள். தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் எழுந்து அழுததற்கு நாங்கள்தான் காரணம். அதற்கும் சிரித்தீர்கள். இந்த மலையகத்தை நடந்து பார்க்க வாருங்கள் என்று ஊருக்கெல்லாம் அழைப்பு விடுகிறவர்கள், பாதைக்கு அம்புக்குறி போடும் முன் இதை யோசித்தால் நல்லது.

மேல் லயத்து வரிசை வீடுகளில் எங்களை இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்கார வைத்துத் தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் சாயத் தேத்தண்ணியும் கொடுத்த மூன்று காம்பராக்காரர்களுக்கும் நன்றி. காசு கொடுக்கப் போனதற்குக் கிடைத்த ஏச்சையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறோம்.

ஓரிடத்தில் பழைய பாதைக்குக் குறுக்கே கேட் போட்டுப் பூட்டியிருந்தார்கள். எந்த இடம் என்று எழுதப் போவதில்லை. தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்திலிருந்து ஆட்கள் நடந்த வழியென்று தாத்தா சொல்லிப் பார்த்தார், உள்ளிருந்தவர்கள் காது கொடுக்கவில்லை. அப்போது தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த தம்பிமார் நீங்கள் இருவர் கத்தியை வைத்துவிட்டு வந்து, சரிந்து கிடந்த மண்ணுக்குமேல் மரத்துண்டு போட்டு எங்களை ஒவ்வொருவராகக் கைபிடித்துக் கடத்திவிட்டீர்கள். கொந்தரப்பு (ஒப்பந்த) வேலையில் உங்கள் நேரம் உங்கள் காசு. மறக்க மாட்டோம்.

பத்தனைப் பக்கம் வந்ததும் தார் ரோடு. டெவன் நீர்வீழ்ச்சியின் உயரத்தை, கோணமானியும் நூலும் வைத்து எங்கள் பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள். விடை நூற்றுமுப்பதைத் தாண்டியது. பக்கத்தில் சோளம் அவித்துக்கொண்டிருந்த அண்ணன் நிமிராமலே "தொண்ணூத்தேழு மீட்டர்" என்றார். கணக்கைத் திருத்தியதற்கும், திருத்தியவர் என்ற உரிமையில் சோளத்தை மலிவாகக் கொடுத்ததற்கும் நன்றி.

சென் கிளேயர் அருவி அருகே தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் அம்மா, மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்கு முன்பு அந்த அருவி எப்படி இருந்தது என்று நீங்கள் சொன்னதைப் பிள்ளைகள் அப்படியே கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார்கள். 2012 இல் ஓடத் தொடங்கிய, 150 மெகாவாட் மின்சாரம் தரும் நிலையம் என்பது பாடத்தில் இருக்கிறது. கடைக்குள் இருந்தே கேட்ட இரைச்சல் இப்போது கேட்பதில்லை என்பது பாடத்தில் இல்லை.

தலவாக்கலையில் இறங்கும்போது இருட்டிவிட்டது. 1925 இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையத்தைப் பார்க்கும் திட்டம் அதனால் நடக்கவில்லை. கடைசி நேரத்தில் பஸ்ஸை நிறுத்தி, சேற்றுக் காலோடு எல்லோரையும் ஏற்றிக்கொண்ட கண்டக்டர் தம்பிக்கும், திட்டாமல் நெருங்கி உட்கார்ந்த பயணிகளுக்கும் நன்றி.

படங்குகளைக் கழுவிக் காயப்போட்டு மடித்து வைத்திருக்கிறோம். பிள்ளைகள் வரைந்த பாதை வரைபடத்தின் பிரதி ஒன்றும் சேர்ந்து வருகிறது, குறுக்குகளுக்கெல்லாம் தாத்தா சொன்ன பேர்களே போட்டிருக்கிறோம். வருகிற ஞாயிறு காலையில் கொண்டு வருவோம். அன்றைக்கும் கொழுந்து கூடி நீங்கள் மலையில் இருந்தால், ஆயாம்மா வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறோம்.

அன்புடன்,
நடந்து வந்த பிள்ளைகளும் அவர்களின் புவியியல் ஆசிரியரும்