உலோக ட்ராக் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரிமோட்டில் ஓடும் 1:16 டாங்கி மாதிரிகள் பற்றித் தங்கள் பொழுதுபோக்குப் பக்கத்தில் வந்த கட்டுரை, சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டையான பிளாஸ்டிக் ட்ராக்கைக் கழற்றிவிட்டு உலோக ட்ராக் மாட்டுவதையே முதல் வேலையாகச் சொல்கிறது. அதை மட்டும் செய்து நிறுத்தினால் வண்டி முன்னைவிடச் சீக்கிரம் படுத்துவிடும்.

உலோக ட்ராக்கின் எடையும் இழுவையும் நேராக அதை இழுத்து ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பற்களில் இறங்குகின்றன. ஸ்ப்ராக்கெட் பிளாஸ்டிக்காக இருந்தால் பற்கள் மழுங்கி, திரும்பும்போது ட்ராக் தாவும். ஸ்ப்ராக்கெட்டையும் உலோகத்தில் போட்டால் சுமை அடுத்ததாக ஷாஃப்ட்டுக்குப் போகும், பிறகு கடைசி கியருக்கு, அப்புறம் கியர்பாக்ஸ் திருகப்பட்டிருக்கும் பிளாஸ்டிக் அடிக்கூட்டுக்கு. 1943இல் களம் இறங்கிய ஜெர்மனியின் பாந்தர் டாங்கிக்கும் இதே கதிதான். 30 டன் வகுப்பில் தொடங்கிய வடிவமைப்பு 45 டன்னை எட்டியது. கடைசி கியர் தொகுதி அதற்கு ஈடுகொடுக்கவில்லை. அதனால் ட்ராக், ஸ்ப்ராக்கெட், ட்ராக்கின் மறுமுனையைத் தாங்கும் ஐட்லர் சக்கரம், கியர்பாக்ஸ் நான்கையும் ஒரே தொகுப்பாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இவற்றில் அதிகம் யோசிக்க வேண்டியது கியர்பாக்ஸ். 10 பல் பினியன் (சிறு கியர்) 40 பல் கியரைச் சுழற்றும் அடுக்கு மூன்று இருந்தால் மொத்தக் குறைப்பு 64:1. மோட்டார் நிமிடத்துக்கு 16,000 சுற்று சுற்றினால் ஸ்ப்ராக்கெட் 250 சுற்று சுற்றும். வேகம் குறையக் குறைய முறுக்குவிசை ஏறுவதால் பல் உடைவது பெரும்பாலும் கடைசி அடுக்கில்தான். அந்த அடுக்கு கட்டாயம் எஃகாக இருக்கட்டும். மோட்டார் பக்கத்து முதல் அடுக்கு பித்தளையோ நல்ல நைலானோ போதும், சத்தமும் குறையும். 'மெட்டல் கியர்பாக்ஸ்' என்ற பெயரை மட்டும் நம்பக் கூடாது. வார்த்தெடுத்த துத்தநாகக் கலவையும் அந்தப் பெயரில்தான் விற்கிறது. காந்தத்தை வைத்துப் பாருங்கள். சாதாரண எஃகு கியரில் ஒட்டும், துத்தநாகத்திலும் பித்தளையிலும் ஒட்டாது.

பினியன் மாற்றுபவர்கள் பல்லின் அளவையும் பார்க்க வேண்டும். மில்லிமீட்டர் கணக்கில் 0.5 மாட்யூலும் அங்குலக் கணக்கில் 48 பிட்சும் (சுமார் 0.53 மாட்யூல்) கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். இரண்டையும் சேர்த்து மாட்டினால் கரகரவென்று ஓடிப் பல் தின்றுவிடும்.

ஸ்ப்ராக்கெட் ஷாஃப்ட் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் ட்ராக்கின் இழுப்பு அதை எப்போதும் ஒரே பக்கம் சாய்க்கிறது. அங்கே பேரிங் இல்லாமல் வெறும் புஷ் (துளைக்குள் செருகும் வளையம்) இருந்தால் துளை முட்டை வடிவில் தேயும், கியர் சாயும், பல்லின் ஓரம் மட்டும் சுமை தாங்கி முறியும். கியர்பாக்ஸ் சுவரில் ஒரு பால் பேரிங், அடிக்கூட்டின் வெளிச்சுவரில் இன்னொன்று என இரண்டு இடத்தில் தாங்கல் கொடுங்கள். ஸ்ப்ராக்கெட்டைப் பிடிக்கும் கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத சிறு திருகு) ஷாஃப்ட்டின் தட்டையான பக்கத்தில்தான் உட்கார வேண்டும். உலோகத் திருகுக்கு நடுத்தர வலுவுள்ள நீல நிற த்ரெட்லாக்கர் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு போதும். அது பிளாஸ்டிக்கில் பட்டால் விரிசல் விடலாம், ஜாக்கிரதை. அடிக்கூட்டுத் திருகுகளுக்கு அடியில் ஓர் உலோகத் தகடு வைத்தால் கியர்பாக்ஸ் அசையாது.

ட்ராக்கின் இறுக்கத்தில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். கம்பி போல இழுத்துக் கட்டினால் ஐட்லர் கை வளையும், பேரிங் தேயும், மோட்டார் சுடும். தொளதொளவென்று விட்டால் நின்ற இடத்தில் திரும்பும்போது கழன்றுவிடும். மேல்பகுதி சற்றே தொய்ந்திருப்பதுதான் சரி. ஜெர்மனியின் டைகர் டாங்கி போல மேல் உருளைகள் இல்லாத வண்டியில் அது சக்கரங்களின் மேலேயே படிந்து கிடக்கும்.

இணைப்புகளைக் கோக்கும் ஊசிகளின் (பின்) துளைகள் தேயும்போது ட்ராக் நீளும். 80 இணைப்பில் ஒவ்வொன்றும் 0.1 மி.மீ. தேய்ந்தால் மொத்தம் 8 மி.மீ. ஓர் இணைப்பைக் கழற்றி இறுக்கத்தைச் சரிசெய்யலாம், ஆனால் இணைப்புகளுக்கு இடையே கூடிய தூரம் குறையாது. நீண்ட பழைய ட்ராக்குக்குப் புது ஸ்ப்ராக்கெட் போட்டால் பற்கள் குழியில் இறங்காமல் மேலேறும். இரண்டையும் சேர்த்தே, இரு பக்கமும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். வெளியே நழுவிய பின்னை ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் தட்டி உள்ளே தள்ள வேண்டும். ட்ராக்கில் எண்ணெய் விடாதீர்கள். மணல் ஒட்டி உப்புத்தாளாக மாறும். கியருக்கு மட்டும் பிளாஸ்டிக்கைக் கெடுக்காத கிரீஸ், மெல்லியதாக.

எல்லாம் மாட்டியதும் ட்ராக் போடாமல் வண்டியைத் தாங்கியில் தூக்கிவைத்து, இரு மோட்டார்களும் இழுக்கும் ஆம்பியரை அளந்து பாருங்கள். ஒரு பக்கம் கூடுதலாக இழுத்தால் அந்தப் பக்கம் ஏதோ பிடிக்கிறது. பேரிங் கோணலாக இருக்கலாம், கியர்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கலாம். மெல்லிய தாள் ஒன்றைப் பற்களுக்கு இடையே வைத்து நெருக்கி, பிறகு தாளை உருவிவிட்டால் தேவையான இடைவெளி கிடைக்கும். இந்தச் சோதனையில் தேறாத வண்டிக்கு வலுவான மோட்டார் வாங்கிப் போட்டால் அடுத்து எரிவது கட்டுப்பாட்டுப் பலகை.

அடுத்த முறை இத்தகைய கட்டுரை வரும்போது உதிரிபாகங்களின் வரிசையையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்