விழாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்: ஒரு ஒயரும் பத்து நிமிஷமும்

விழாக் குழுத் தலைவர் ஐயாவுக்கும் செயலாளர் அண்ணனுக்கும் மத்த பெரியவங்களுக்கும் வணக்கம்.

நான் யாருன்னு உங்களுக்குத் தெரியும், கடத்தெருவுல டிடிபி சென்டர் வச்சிருக்கேன், எட்டு வருஷமா விழா அழைப்பிதழுக்கு அட்டைப்படம் வரைஞ்சு தர்றவன். மூணாம் நாள் மத்தியானம் எங்க அக்கா பொண்ணு டேப்லெட்டுல கர்நாடக சங்கீதம் வாசிச்சப்ப என்ன நடந்துச்சுன்னும் தெரியும். பேர் சொல்லி யாரையும் சங்கடப்படுத்துற எண்ணம் இல்ல, அதனால ஊர் பேர் கூட போடல. கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான்: அடுத்த வருஷம் எங்க அக்கா பொண்ணுக்கு பத்து நிமிஷமும், மைக்செட் மிக்ஸர்லேர்ந்து ஒரு ஒயரும் குடுங்க.

அவ அனுப்புன ஆடியோவ கேட்டுட்டு "வீணை நல்லா பேசுது"ன்னு ஸ்லாட் குடுத்தது நீங்கதான். வீணை இல்ல, டேப்லெட்டுல வாசிக்கிறான்னு நான் அப்பவே சொன்னேன், யாரும் காதுல வாங்கல. அன்னிக்கு மேடையில டேப்லெட்ட பாத்ததும்தான் எல்லாருக்கும் முகம் மாறுச்சு. மைக்செட்காரர் ஒயர் இல்லன்னுட்டாரு. ராத்திரி பக்தி மெல்லிசையில கீபோர்டுக்கு சொருகுற கருப்பு ஒயர் மேடைக்கு கீழயே சுருட்டிக் கெடந்துச்சு, நானே பாத்தேன், கேட்டதுக்கு "அது அவங்களுக்குண்டானது சார்"னாரு. அப்புறம் பாட்டு மைக்க எறக்கி டேப்லெட்டோட சின்ன ஸ்பீக்கர் ஓட்டைக்கு நேரா நிறுத்துனாரு, பெட்டியில வந்தது கொசு ரீங்காரம் மாதிரி.

இதுல மணி மூணு, தகரக் கொட்டகை, ஃபேன் மொத வரிசையைப் பாத்துதான் ஓடுது. வீணை வாசிக்கிறவங்க எடது கை விரல்ல எண்ணெ தொட்டுக்குவாங்கல்ல, இதுக்கு நேர் எதிரு, விரல் ஈரமில்லாம இருக்கணும். அதுக்காகவே பக்கத்துல ஒரு சின்ன பவுடர் டப்பா வச்சிருப்பா. அந்த ஸ்கிரீன் விரல்ல இருக்குற மின்சாரத் தன்மைய வச்சுத்தான் தொட்ட எடத்த கண்டுபுடிக்குது, அதுல ஒரு சொட்டு வேர்வை விழுந்தா அதையும் விரல்னு நெனச்சுக்கும். விழுந்துச்சு, சம்பந்தமில்லாம ஒரு ஸ்வரம் தனியா கத்துச்சு. தாவணித் தலைப்பால தொடச்சுட்டு திரும்ப பல்லவிய எடுத்தா, அதுக்குள்ள உங்க ஆள் ஒருத்தர் வந்து மைக்க தூக்கிட்டு "ரிங்டோன் போதும்மா, அடுத்த பார்ட்டி காத்துக்கிட்டு இருக்காங்க"ன்னுட்டாரு. மிருதங்கம் வாசிக்க வந்த பையன் தூக்குன கைய எங்க வைக்கிறதுன்னு தெரியாம உக்காந்திருந்தான்.

அவ அழல. வண்டியில திரும்பி வர்றப்ப குடமுருட்டி பாலம் தாண்டுன பெறகு "மாமா, அந்த ஒயர் எவ்ளோ இருக்கும்?"னு மட்டும் கேட்டா.

சரி, ரிங்டோன்னு சொன்னவருக்கு ஒரு விஷயம். 1940ல அகில இந்திய வானொலி ஆர்மோனியத்த தடை பண்ணி, முப்பது வருஷத்துக்கு மேல அத உள்ளயே விடல. கட்டைக்கு கட்டை தனித்தனியா நிக்குது, ஸ்வரத்த அசைச்சு வாசிக்கிற கமகம் வராதுன்னு அப்ப பெரிய குத்தச்சாட்டு. நியாயம்தான், தோடி ராகத்துல வர்ற காந்தார ஸ்வரத்த ஆர்மோனியத்துல அசைச்சு காட்டுங்க பாப்போம். ஆனா தொடுதிரையில கட்டையே கெடையாதுங்க, விரல வச்ச எடத்துலேர்ந்து அழுத்தி அப்படியே இழுத்தா ஸ்வரம் கூடவே வழுக்கிக்கிட்டு வரும், ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவுல அந்த காந்தாரம் ஊஞ்சல் ஆடுறத அவ விரல்ல கண்ணாலயே பாக்கலாம். ஆறு வருஷம் வீணை கத்துக்கிட்டவ, தந்தி அறுத்த தழும்பு இன்னும் விரல்ல இருக்கு. ஜியோஷ்ரெட்னு ஒரு ஆப், அமெரிக்க கீபோர்டு கலைஞர் ஜோர்டன் ரூடஸ் கூட சேந்து உருவாக்குனது, அதுல மகேஷ் ராகவன் ஐபேடுல கர்நாடக சங்கீதம் வாசிக்கிறத உலகமே பாக்குது. நம்ம ஊருல மட்டும் அது ரிங்டோன்.

வயலினும் கப்பல்ல வந்ததுதானே. திருவாரூர் பாலுசுவாமி தீட்சிதரும் தஞ்சாவூர் வடிவேலுவும் அத எடுத்து மடியில வச்சுக்கலன்னா இன்னிக்கு கச்சேரி எப்படி இருக்கும்? ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட், கத்ரி கோபால்நாத் சாக்ஸபோன், சீனிவாஸ் மாண்டலின், அதுவும் கரண்டு மாண்டலின். அத விடுங்க, அன்னிக்கு மேடையில உங்க தம்பூரா எது? சுவிட்ச தட்டுனா பாடுற பொட்டி. அதுக்கு மட்டும் ஒயர் இருந்துச்சு.

இன்னொண்ணும் சொல்லிடுறேன், சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். சின்னப் புள்ளைங்க ஓவியப் போட்டியில டேப்லெட்டுல வரைஞ்ச பையன் படத்த "கையால வரைஞ்சாத்தான்"னு திருப்பி அனுப்புனீங்க. அப்ப உங்க அழைப்பிதழ்ல இருக்குற சரஸ்வதி? "என்னா கைவண்ணம்யா"ன்னு தலைவர் ஐயா தோள்ல தட்டுனீங்களே, அது அதே டேப்லெட்டுங்க. அவ சாயங்காலம் அதுல வாசிப்பா, ராத்திரி கடைய சாத்துன பெறகு நான் அதுல பேனாவ வச்சு வரைவேன். பேனாவ லேசா வச்சா கோடு மெலிசு, அழுத்துனா தடிப்பு, சரஸ்வதி புருவத்துக்கு மட்டும் மூணு ராத்திரி ஆச்சு. படம்னா கை, பாட்டுன்னா மிஷினா? இப்படி ஒவ்வொண்ணா தொரத்திட்டு, புள்ளைங்கள்லாம் சென்னைக்கு ஓடுதுன்னு மேடையில வருத்தப்படுறதுக்கு மட்டும் ஒரு அரை மணி நேரம் பொன்னாடையோட ஒதுக்கிடுவீங்க.

கோவத்துல நீட்டிட்டேன், பெரியவங்க மன்னிக்கணும். சிறப்பு எடமோ சாயங்கால நேரமோ கேக்கல. வாசிச்சு நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு சொல்லுங்க, ஏத்துக்குறோம், ஆனா காதால கேட்டுட்டு சொல்லுங்க. விண்ணப்பத்துல வாத்தியம்னு போட்டிருக்குற கட்டத்துல தொடுதிரையையும் ஒண்ணா சேத்துக்கங்க. மிக்ஸர்லேர்ந்து ஒரு ஒயர், பத்து நிமிஷம், முடிஞ்சா ஒரு ஃபேன கொஞ்சம் மேடைப் பக்கம் திருப்பி விடுங்க, அவ்ளோதான் ஐயா. ஒயர் கூட வேணாம், மறுநாளே அவ வாங்கிட்டா, சொருக எடம் விட்டா போதும்.

அடுத்த அழைப்பிதழுக்கு படம் எப்ப வேணும்னு செயலாளர் அண்ணன் போன் பண்ணுவீங்க. அப்ப இதுக்கும் ஒரு பதில் சொல்லுங்கண்ணே.

இப்படிக்கு,
கடத்தெரு டிடிபி சென்டர்காரன்