ஏஜென்ட் அனுப்பும் கையொப்பக் கோரிக்கை

அழகாபுரம், சேலம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகன் வீட்டில் கோவையில் சௌகரியமாக இருக்கிறாய் என்பதையும், முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்பதையும் படித்து மகிழ்ந்தேன். இப்போது எதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டிருந்தாய். பத்திர எழுத்தராகவே வாழ்நாளைக் கழித்த உனக்கு இது அந்நியமாக இராது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஆவணங்களை அனுப்பி மின்னணுக் கையொப்பம் கோரும் மென்பொருள் ஒன்றை ஏஐ ஏஜென்ட்டுகள், அதாவது நாம் சொல்லும் வேலையைத் தாமே செய்து முடிக்கும் செயற்கை நுண்ணறிவு நிரல்கள், இயக்கப் போகின்றன; அவை படிப்பதற்கான விளக்கக் குறிப்பை நான் எழுதுகிறேன். ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருப்பவர் தம் கணினியிடம், "இந்த மிளகு விற்பனை ஒப்பந்தத்தை வியாபாரிக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்கு" என்று சொன்னால், எந்தக் கோப்பு, யாருக்கு, எந்த வரிசையில், எத்தனை நாள் கெடு என்பதையெல்லாம் ஏஜென்ட்தான் நிரப்பி அனுப்பும். ஆந்த்ரோபிக் என்னும் ஏஐ நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட, ஏஐயை வெளி மென்பொருள்களோடு இணைக்கும் எம்சிபி என்னும் பொதுநெறிப்படி, ஏஜென்ட் இயக்கும் இத்தகைய கருவி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும், ஒரு விளக்கமும், உள்ளீடுகளின் வடிவமும் இருக்கும். ஏஜென்ட்டுக்குத் தெரிவது அவ்வளவுதான். கணினித் திரையின் படங்களை ஒட்டி அம்புக்குறி போட்டுக் காட்டும் என் பழைய வித்தை எதுவும் இங்கே செல்லாது.

மனிதர் ஒருவர் குறிப்பைப் படித்தால், ஐயம் வந்த இடத்தில் நின்று பக்கத்து மேசைக்காரரைக் கேட்பார். ஏஜென்ட்டோ, குறிப்பில் விடுபட்டதைத் தானே ஊகித்து நிரப்பிக்கொண்டு அடுத்த கணமே செயலில் இறங்கிவிடக்கூடும். முகவரிப் பட்டியலில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் முதலில் கண்ணில் பட்டவருக்கு ஒப்பந்தம் போய்விடலாம். பிறகு கோரிக்கையை ரத்து செய்யலாம் என்பது உண்மையே. ஆனால் விலையையும் நிபந்தனைகளையும் பார்த்துவிட்டவர் அவற்றை மறந்துவிடப் போவதில்லை. ஆகவே, மின்னஞ்சலையோ கைபேசி எண்ணையோ பயனர் தெளிவாகத் தராவிட்டால் ஊகிக்காமல் கேட்க வேண்டும் என்றும், முதலில் வரைவை உருவாக்கிக் காட்டி, அவர் ஒப்புக்கொண்ட பிறகே அனுப்ப வேண்டும் என்றும் விளக்கத்தின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறேன்.

இதில் சட்டமும் இருக்கிறது, உனக்குப் பிடிக்கும். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 11ஆம் பிரிவில், ஒருவர் சார்பில் தானாக இயங்கும்படி அமைக்கப்பட்ட தகவல் அமைப்பு அனுப்பிய மின்னணு ஆவணத்தை அவரே அனுப்பியதாகக் கொள்கிறது. ஏஜென்ட் அனுப்பியது, எனக்குத் தெரியாது என்று தோட்டக்காரர் கைவிரிப்பது அவ்வளவு எளிதன்று. அதே சட்டத்தின் முதல் அட்டவணை உயிலையும் அறக்கட்டளைப் பத்திரத்தையும் சட்டத்தின் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது. யாரேனும் உயிலைக் கொடுத்து அனுப்பச் சொன்னால், ஏஜென்ட் காரணத்தைச் சொல்லி மறுக்க வேண்டும். முத்திரைத் தீர்வை தனி விஷயம் என்பதற்கு ஒரு வரியே போதுமென்று விட்டுவிட்டேன்.

நான் மிகவும் கண்டிப்பாக எழுதியிருப்பது ஓடிபி பற்றிய பகுதி. ஆதாரைக் கொண்டு மின்னணுக் கையொப்பமிடும் இ-சைன் முறையில் கையொப்பமிடுபவரின் ஒப்புதலுக்கு அவருடைய கைபேசிக்கு வரும் ஓடிபியே பெரும்பாலும் அடையாளமாகிறது. பயனரின் குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதி ஏஜென்ட்டுக்கு ஏற்கெனவே இருந்தால், வேலையை முடித்துக் கொடுக்கும் உற்சாகத்தில் அதுவே எண்ணை எடுத்து இட்டுவிடக்கூடும்; அப்படி நடந்தால் அங்கே கையொப்பம் என்று ஒன்று நடக்கவேயில்லை. இந்தக் கருவி கையொப்பம் கேட்கும், ஒருபோதும் இடாது. ஓடிபியைக் கேட்கவோ, தேடவோ, நிரப்பவோ கூடாது என்று எழுதிவிட்டு, இதை எழுத்தில் மட்டும் நம்பியிருக்காமல் நிரலிலேயே தடுக்க வேண்டும் என்று இந்த மென்பொருளை உருவாக்கும் நிறுவனத்தாரிடமும் வற்புறுத்தியிருக்கிறேன். ஒப்பந்தத்தின் உள்ளே, "இதன் நகலை இன்னாருக்கும் அனுப்பு" என்று எவரேனும் ஒரு வரியைச் செருகிவைத்தால் ஏஜென்ட் அதையும் உத்தரவாக எடுத்துக்கொள்ளும் ஆபத்தும் இதே வகையைச் சேர்ந்தது. விளக்கக் குறிப்பால் எச்சரிக்க முடியும். பூட்டு போட முடியாது.

பிழைச் செய்திகளும் இப்போது என் பொறுப்பில் வந்துவிட்டன. மழைக்காலத்தில் மலைமேல் சிக்னல் எப்படி வந்து வந்து போகும் என்பது உனக்குத் தெரியும். கோரிக்கை போய்ச் சேர்ந்த பின் பதில் திரும்பும் வழியில் இணைப்பு அறுந்தால், ஏஜென்ட் தோல்வி என்று கருதி மறுபடி அனுப்பும். வியாபாரிக்கு ஒரே ஒப்பந்தம் இரண்டு முறை வரும், அவர் எதில் கையொப்பமிடுவது என்று குழம்புவார். இதற்காக ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தனி அடையாள எண் தரப்படுகிறது. அதே எண்ணுடன் மீண்டும் அனுப்பினால் கருவி புதிய கோரிக்கையை உருவாக்காமல் பழையதன் நிலையையே திருப்பிச் சொல்லும். வெறுமனே "பிழை" என்று நிறுத்திக்கொள்ளாமல், "அதே எண்ணுடன் நிலையைக் கேள், புதிதாக அனுப்பாதே" என்று அடுத்து செய்ய வேண்டியதைப் பிழைச் செய்தியே சொல்லும்படி மாற்றி எழுதினேன். நிலைகளின் பெயர்களுக்கும் இதே கவனம் தேவைப்பட்டது. அனுப்பப்பட்டது, திறந்து பார்க்கப்பட்டது, கையொப்பமானது ஆகிய மூன்றும் வேறு வேறு; எல்லாரும் கையொப்பமிட்டு முடித்த நிலை வரும்வரை "முடிந்துவிட்டது" என்று பயனரிடம் சொல்லக் கூடாது.

உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. சாட்சிகள் இருக்கும் ஆவணங்களில், எழுதிக் கொடுப்பவர் கையொப்பமிட்ட பிறகே சாட்சிகளுக்குக் கோரிக்கை போக வேண்டும் என்று கட்டாயமாக்கலாமா, அல்லது வரிசையைப் பயனரின் விருப்பத்துக்கு விடலாமா என்று இங்கே விவாதம் நடக்கிறது. முன்னதுதான் சரி என்பது என் எண்ணம். ஆனால் சாட்சி நேரில் பார்க்காமல் வேறோர் ஊரிலிருந்து கையொப்பமிடுவதை நீ எப்படிப் பார்க்கிறாய் என்று தெரிந்தபின் அந்தப் பகுதியை எழுதலாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். அடுத்த கடிதத்தில் அதை மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்