கேள்வியை அப்பாவிடமே கேட்ட தங்கச்சிக்கும் மற்ற எல்லோருக்கும்

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்றுப் பின்னேரம் விறாந்தையில் கதிரை போட்டு இருத்தினோம். றோட்டால் போன பஸ் ஒன்றைப் பார்த்து "பிரேக் பிடிக்கேல்லை, சத்தத்தைக் கேள்" என்றார். எங்களுக்கு அப்போதுதான் பாதி உயிர் திரும்பியது. மிச்சம் மெல்ல வரும்.

நடந்ததையெல்லாம் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை, தேவையும் இல்லை. உங்களில் பாதிப்பேர் வோட் வாசலில் எங்களோடு நின்றவர்கள், மற்றவர்கள் இரவிரவாகப் போனில் நின்றவர்கள். வீடு வீடாக வந்து சொல்ல வேண்டிய நன்றி இது, அம்மாவும் அதைத்தான் சொல்கிறார். ஆனால் அப்பாவைத் தனிய விட்டுவிட்டு நான் இப்போதைக்கு எங்கும் போக முடியாது, ஆகவே எழுதுகிறேன்.

முதல் நன்றி, இதை வாசிப்பாரோ என்றே தெரியாத ஒருவருக்கு. மருத்துவ பீடத்தில் படிக்கும் தங்கச்சி ஒருவர். பெயரை இங்கே போடப் போவதில்லை, அவருக்கு அது பிடிக்காது என்று நினைக்கிறேன். அப்பாவுக்கு மருந்து எழுதியவர் அவர் இல்லை, அப்பாவைக் காப்பாற்றியவர் என்றும் சொல்ல முடியாது. அப்பாவுக்கு உள்ள பார்க்கின்சன், அதாவது கை நடுங்கி உடம்பு விறைக்கிற மூளை வருத்தம், வந்தவர்களுக்கு வரும் மறதி, அவர்களுடைய வாழ்க்கைத் தரம், இப்படி ஏதோ தன் படிப்புக்கான ஆய்வு என்று ஒரு கட்டுத் தாளோடு கட்டிலடிக்கு வந்தார். உள்ளதைச் சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வந்தது. அப்பா கண்ணைத் திறந்து எங்களை அடையாளம் பிடிக்கத் தொடங்கி அப்போது ஒன்றிரண்டு நாள்தான் இருக்கும். இதற்குள் கேள்வித்தாளா?

"ஐயா, உங்களோடை கொஞ்ச நேரம் கதைக்கலாமா?" என்று கேட்டார். அம்மா வழக்கம்போலப் பதில் சொன்னார், "அவருக்கு இப்ப வடிவா விளங்காது பிள்ளை, என்னட்டைக் கேளுங்கோ."

"உங்களிட்டையும் கேட்பன் அம்மா. முதல் ஐயா சொல்லட்டும்."

அப்புறம் கதிரையை இழுத்துப் போட்டு, அப்பாவின் கண்ணுக்கு நேரே முகம் வருகிற மாதிரி இருந்தார். பேனையைத் தாளில் வைத்துவிட்டார். காத்திருந்தார். இவ்வளவுதான் அவர் செய்தது. ஆனால் இந்த வருத்தம் உள்ள ஆளோடு இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் பெறுமதி தெரியும். கேள்வி காதில் விழுந்து பதில் வாயால் வருவதற்குள் மற்றவர்கள் இரண்டு கதை முடித்திருப்பார்கள். குரலும் எழும்பாது, முகத்திலும் ஒன்றும் தெரியாது. சிரிக்கிற தசையே விறைத்துப் போயிருக்கும். அதனால் உள்ளே ஆளே இல்லை என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். "சாப்பிட்டாரோ?", "வெளிக்குப் போனாரோ?" என்று அவர் தலைக்கு மேலாலேயே கேட்பார்கள். நாங்களும் அவர் தலைக்கு மேலாலேயே பதில் சொல்லுவோம்.

கேள்விகள் எல்லாம் எண்ணி வைத்த கேள்விகள். பிறகு தேடிப் பார்த்தேன், ஒக்ஸ்போர்ட்டில் 1990களில் உருவாக்கிய பட்டியல் அது, மொத்தம் 39 கேள்வி. கடந்த ஒரு மாதத்தில் இந்த வருத்தத்தால் இன்ன கஷ்டம் எத்தனை தரம் வந்தது என்று கேட்கும், ஒருபோதும் இல்லை என்பதிலிருந்து எப்போதும் என்பது வரை ஐந்து பதிலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நடை, சட்டைப் பொத்தான், சாப்பாட்டை வெட்டுவது, வெட்கம், தனிமை, ஞாபகம், பேச்சு எல்லாம் அதில் இருக்கிறது. அப்பாவின் நிலையைப் பார்த்து அவர் எல்லாவற்றையும் கேட்கவில்லை, சிலதை மட்டும்தான் கேட்டார்.

அரை மைல் நடக்கக் கஷ்டமாக இருந்ததா என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் மேலே ஓடிய விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நல்ல நேரம் போனபிறகு அப்பா சொன்னார், "அரை மைலுக்கு ஏன் பிள்ளை நடக்கிறது? பஸ் ஓடுதுதானே." கோண்டாவில் டிப்போவில் காலம் முழுக்க ஸ்டியறிங் பிடித்த மனிசன் வேறென்ன சொல்லுவார். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார், நேர்ஸ் சிரித்தார், அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அப்பாவின் முகத்தில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை.

அந்தப் பட்டியலில் ஒரு கேள்வி, மற்றவர்கள் உங்களைக் கவனிக்காமல் விடுகிறார்கள் என்று தோன்றியதா என்பது. தங்கச்சி அதையும் கேட்டார். ஒருபோதும் இல்லையா, எப்போதாவதா, இடைக்கிடையா, அடிக்கடியா, எப்பவுமா என்று ஒவ்வொன்றாக நிறுத்திச் சொன்னார். இந்த முறை காத்திருந்த நேரம் இன்னும் நீளம். நான் வாயைத் திறக்கப் போனேன், அம்மா என் கையைப் பிடித்தார்.

"இண்டைக்கு இல்லை" என்றார் அப்பா.

ஐந்து பதிலுக்குள் அது இல்லை. தங்கச்சி எந்தக் கட்டத்தில் அடையாளம் போட்டாரோ தெரியாது. ஓரத்தில் ஏதோ எழுதினார்.

தங்கச்சி, வெளியில் வந்து நீங்கள் சொன்னதைத்தான் நான் இப்போது கிடைக்கிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். மறதி நோய் வந்தவர்களின் வாழ்க்கைத் தரத்தை அளக்க 13 கேள்வி கொண்ட இன்னொரு பட்டியலும் உண்டு, அதை நோயாளியிடம் தனியாகவும் பார்த்துக்கொள்பவரிடம் தனியாகவும் கேட்பார்கள், பார்த்துக்கொள்பவர் போடும் புள்ளி பெரும்பாலும் நோயாளி தனக்குத் தானே போடும் புள்ளியைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்றீர்கள். எங்கள் வீட்டிலும் அதேதான். கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் நாங்கள் "சுமார்" என்ற இடத்தில் அப்பா "நல்லம்" என்றார், காசுக்குக்கூட. காசு விஷயத்தில் அம்மாவின் கணக்குத்தான் சரி, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மிச்சத்தில் யாருடைய கணக்கு சரி என்று நான் இனிச் சண்டை பிடிக்க மாட்டேன். அது அவருடைய வாழ்க்கை.

அன்றிரவு நித்திரை வராமல் போனில் நிறைய வாசித்தேன். 2002இல் பல நாடுகள் சேர்ந்து செய்த ஒரு கணக்கெடுப்பு வெளியாகியிருக்கிறது. பார்க்கின்சன் உள்ளவர்களின் வாழ்க்கைத் தரம் ஆளுக்கு ஆள் ஏன் இவ்வளவு வித்தியாசப்படுகிறது என்று பார்த்தால், நோயின் கடுமையும் மருந்தும் சேர்ந்து விளக்குவது அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லையாம். மனச்சோர்வு பெரிய காரணம். நோயைப் பற்றி முதன்முதலில் எப்படி விளங்கப்படுத்தினார்கள் என்பதும், இன்றைக்கு மனதில் எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்பதும் கூடவே நிற்கின்றன. அப்படியென்றால் கதிரையை இழுத்துப் போட்டு இருப்பதும் ஒருவகை வைத்தியம்தான் என்று எனக்குப் படுகிறது. டொக்டர்மார் கோபிக்கக்கூடாது.

ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் எழுதிய சின்னப் புத்தகத்தில் இந்த வருத்தத்தில் புலனும் புத்தியும் கெடுவதில்லை என்று எழுதிவிட்டார். அது அப்படியில்லை என்று பிறகு தெரிந்தது. சிட்னியில் ஆய்வாளர்கள் ஒரு தொகுதி நோயாளிகளை 20 வருடம் பின்தொடர்ந்தார்கள், கடைசிவரை உயிரோடு இருந்தவர்களில் 83 வீதமானோருக்கு மறதி நோய் வந்திருந்தது. அதை வாசித்தபோது வயிறு கலங்கியது. அம்மாவுக்கு இந்த எண்ணைச் சொல்லவில்லை, இதை யாரும் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

அம்மாவிடமும் கேட்பேன் என்று சொன்னதை அந்தத் தங்கச்சி மறக்கவில்லை. "நீங்கள் இரவிலை நித்திரை கொள்ளுறீங்களோ அம்மா?" என்றுதான் தொடங்கினார். இத்தனை வருடத்தில் அம்மாவிடம் அப்படி ஒருவரும் கேட்டதில்லை. அம்மா கொட்டித் தீர்த்துவிட்டார். அப்பா நித்திரையில் கத்துவார், காலால் எட்டி உதைப்பார். கனவில் பிரேக் போடுகிறார் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல வருடம் முன்னரே இந்த உதை தொடங்கிவிட்டது. அதுவும் இதே வருத்தத்தின் முன்னோடியாக இருக்கலாம், நிறையப் பேருக்கு அப்படித்தான் வருகிறது என்று தங்கச்சி சொன்னபோது அம்மாவின் முகத்தில் ஒரு பெரிய ஆறுதல். தன் மேல் உள்ள ஏதோ கோபத்தைத்தான் மனிசன் நித்திரையில் தீர்க்கிறார் என்று அத்தனை காலமும் நினைத்திருக்கிறார்!

சரி, மற்றவர்கள். குறை நினைக்காதீர்கள், உங்களை ஒரே கட்டாகக் கட்டுகிறேன்.

வோட் நேர்ஸ் மிஸ்மாருக்கு, அப்பாவின் பார்க்கின்சன் குளிசையான லெவோடோபாவை மருந்து வண்டி வரும் நேரத்துக்கு விடாமல் அவருடைய நேரத்துக்கே கொடுத்ததற்கு. அரை மணித்தியாலம் பிந்தினாலும் ஆள் கட்டிலோடு கட்டையாகிவிடுவார். சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்தால் மீனும் முட்டையும் பருப்பும் மருந்தை உள்ளே போகவிடாமல் தடுக்கும். குளிசையை நேரத்துக்குக் கொடுங்கள் என்று இங்கிலாந்தில் இதற்கென்றே ஓர் இயக்கம் நடக்கிறது. இங்கே அதை நீங்கள் சத்தமில்லாமல் செய்தீர்கள்.

மருந்துக்கடைத் தம்பிக்கு. வேறோர் இடத்தில் வாந்திக்கு எழுதித் தந்த துண்டை நீட்டியபோது, "அண்ணை, ஐயா பார்க்கின்சனுக்குக் குளிசை எடுக்கிறவர்தானே, இதைக் கொடுக்க முதல் டொக்டரோடை ஒருக்காக் கதையுங்கோ" என்றீர்கள். அது மெட்டோகுளோப்ரமைட். மூளையில் டோபமின் என்ற, உடம்பை அசைக்க உதவும் இரசாயனம் வேலை செய்யும் இடத்தையே அடைத்துவிடும் மருந்து, ஏற்கெனவே அது குறைந்துபோன ஆளுக்கு ஆகாது. குழப்பமான நோயாளியை அடக்கக் கொடுக்கும் ஹலோபெரிடோலும் அதே சாதிதான். வீட்டில் இந்த வருத்தக்காரர் உள்ளவர்கள் இந்த இரண்டு பெயரையும் ஒரு துண்டில் எழுதிக் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள்.

அப்பாவோடு ஓடிய கொண்டக்டர் மாமாவுக்கு. படியடியில் கால் நிலத்தோடு ஒட்டி அப்பா அசையாமல் நின்றபோது, பிசியோதெரபி மிஸ் தரையில் கோடு போட்டுப் பாருங்கள், தாளம் போட்டுப் பாருங்கள் என்றார். நீங்கள் கதவில் இரண்டு தட்டுத் தட்டி "றைற், போகட்டும்!" என்றீர்கள். அப்பா போனார். வெளியிலிருந்து வரும் தாளம் மூளைக்கு வேறொரு வழியைத் திறந்துவிடும் என்பது உண்மையான விஷயம்தானாம், ஆய்வுகள் உண்டு. எங்கள் வீட்டில் இப்போது எல்லோரும் கொண்டக்டர்தான்.

ஓட்டோ அண்ணைக்கு, கஞ்சி காய்ச்சிய மாமிமாருக்கு, இரவுக்கு ஆள் மாறி நின்ற பெடியளுக்கு, ஸ்காபரோவில் இருந்து நேரகாலம் பார்க்காமல் எடுத்த தம்பிக்கும் அவன் மனிசிக்கும், நல்லூரிலும் மாதா கோயிலிலும் எங்களுக்காக மன்றாடியவர்களுக்கும் நன்றி. யாரையும் விட்டிருந்தால் அது மறதிதான், எங்கள் வீட்டில் அதற்குக் குறைவில்லை.

ஒன்று மட்டும் தீர்மானித்திருக்கிறேன். அந்த ஆய்வுப் படிவத்தில், இதனால் உங்களுக்கு நேரடியான பலன் ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தது. அப்பா குடிக்கிற குளிசைக்கும் அப்படித்தான் தொடக்கம். 1960இல் வியன்னாவில் இறந்தவர்களின் மூளையைப் பரிசோதித்துத்தான் டோபமின் குறைவு என்று கண்டுபிடித்தார்கள். முகம் தெரியாத அந்த மனிசருக்கு அதனால் ஒரு பலனும் இல்லை. அதற்குப் பிறகு, 1967இல், அமெரிக்காவில் கொட்சியாஸ் என்ற டொக்டர் லெவோடோபா கலந்த டோபா மருந்தை மெல்ல மெல்லக் கூட்டிக் கொடுத்துக் காட்டினார். இன்றைக்கு அப்பா எழும்பி நடக்கிறார். ஆகவே மருத்துவ பீடத்திலிருந்து எந்தப் பிள்ளை எந்தக் கேள்வித்தாளோடு வந்தாலும் எங்கள் படலை திறந்திருக்கும், தேத்தண்ணியும் உண்டு. பார்த்துக்கொள்பவர்களுக்கான தாள் இருந்தால் நானும் நிரப்புகிறேன். எங்கள் ஒழுங்கைக்குள் யாருக்காவது இந்த வருத்தம் என்றால் கிளினிக் வரிசையில் நிற்க என்னைக் கூப்பிடுங்கள், வருவேன். டொக்டர் கேட்கும் கேள்விக்கு நான் பதில் சொல்ல மாட்டேன், பக்கத்தில் மட்டும் நிற்பேன்.

மாமிமாரே, தூக்குச்சட்டிகள் எல்லாம் கழுவிக் குசினி மேசையில் அடுக்கியிருக்கிறோம். எது யாருடையது என்று அம்மாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பச்சை மூடி போட்டது தன்னுடையது என்று இரண்டு பேர் சொல்கிறீர்கள். வந்து நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள். நாலு மணிக்குப் பிறகு வந்தால் அப்பாவுக்குக் குளிசை வேலை செய்கிற நேரமாக இருக்கும், அவரோடும் கொஞ்சம் கதைத்துவிட்டுப் போகலாம்.