நஞ்சு மேல ஏறணும்னு வேண்டிக்கோ

அடியே ஒட்டகம்,

உன் வாய்ஸ் நோட்ட கேட்டேன். நாலு நிமிஷம், அதுல மூணு நிமிஷம் திட்டு. நியாயம்தான். வளைகாப்பு போட்டோவ எங்க சின்ன நாத்தனார் ஸ்டேட்டஸ்ல வச்சு, அத உங்க அக்கா பாத்து, அவங்க சொல்லித்தான் உனக்குத் தெரியணும்னா நான் பண்ணது தப்பு. ஒத்துக்கிறேன். ஆனா "கை நெறைய வளையல அடுக்கிட்டு சிரிக்கத் தெரியுது, எனக்கு ஒரு போன் போடத் தெரியலையா"ன்னு கேட்ட பாரு, அதுக்கு மட்டும் எங்கிட்ட பதில் இருக்கு. அதச் சொல்லத்தான் ராத்திரி ஒண்ணே முக்காலுக்கு உக்காந்து டைப் பண்றேன். தூக்கமும் இல்ல, உள்ள இருக்கறவருக்கு விக்கல் வேற. வயித்துக்கு மேல போன வச்சா போன் குதிக்குது.

அண்ணனுக்கு முட்டி வலி தேவலையா? சின்னவன ஸ்கூல்ல சேத்தாச்சா? சரி, விஷயத்துக்கு வரேன்.

போன வருஷம் ஆடியில நடந்தது உனக்குத் தெரியும். கிட்ல ரெண்டு கோடு வந்த அன்னைக்கே ஒரு ஊருக்கே சொன்னேன். 9 வாரத்துல போனதுக்கப்புறம் அதே ஊருக்கு ஒவ்வொருத்தரா திரும்ப போன் போட்டு சொன்னேன். நீ அழுத அழுகைக்கு நான்தான் உனக்கு சமாதானம் சொன்னேன், ஞாபகம் இருக்கா? அந்த ரெண்டாவது ரவுண்டு போன்கால் இன்னொரு தடவ என்னால முடியாதுடி. அதனால இந்தத் தடவ வாய்க்குப் பூட்டு. அம்மா, அத்தை, அவரு, அவ்வளவுதான். அஞ்சாம் மாச ஸ்கேன் நல்லபடியா முடிஞ்சா அன்னைக்கு சாயங்காலமே உனக்கு சொல்றதுன்னு முடிவு பண்ணி வச்சிருந்தேன்.

ஸ்கேன் நல்லாத்தான் முடிஞ்சுது. இதயத்துல நாலு அறை, முதுகெலும்பு, உதடு, கை விரல், எல்லாம் சரியா இருக்குன்னாங்க. 300 கிராம் ஆளுக்கு ஒரு எலும்பு விடாம அளவு எடுக்குறாங்க. முடிச்சிட்டு அந்த டாக்டர் ஸ்க்ரீன பாத்துக்கிட்டே, ரொம்ப சாதாரணமா, "ப்ளசென்டா மட்டும் கொஞ்சம் லோவா இருக்கு"ன்னாங்க. கர்ப்பப்பை வாயிலேர்ந்து 8 மில்லிமீட்டர்தானாம். 20 மில்லிமீட்டராவது தள்ளி இருக்கணுமாம். வாய அடச்சிக்கிட்டா பிள்ள வர்ற வழியே இல்ல, ஆபரேஷன்தான், நடுவுல ரத்தப்போக்கு வேற வரலாம். "பயப்படாதீங்க, இந்த மாசத்துல கீழ இருக்கறதுல முக்காவாசிக்கு மேல தானா மேல போயிரும்"னும் சொன்னாங்க. எனக்கு பின்னாடி சொன்னது காதுலயே விழல.

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னா, "ஓ, நஞ்சு கீழ இருக்கா"ங்குது. நஞ்சு! விஷத்துக்கும் அதே பேரு, பத்து மாசம் பிள்ளைக்கு சோறு போடுறதுக்கும் அதே பேரு. எவன்டி பேரு வச்சது? பிள்ள பொறந்தப்புறம் உள்ளயே தங்கிட்டா ஆளக் கொன்னுரும், அதான் அந்தப் பேருன்னு அம்மா விளக்கம் கொடுத்துச்சு. உனக்கு அந்த ஆலமரம் ஞாபகம் இருக்கா? மன்னார்குடி பஸ்ல போறப்ப, மாடு கன்னு போட்டா நஞ்சுக்கொடிய வைக்கோல் வச்சு சாக்குல கட்டி தொங்க விடுவாங்களே. பால் வடியிற மரத்துல கட்டுனாத்தான் மாடு பால் கறக்கும்னு. நாம மூக்கப் பொத்திக்கிட்டு அடுத்த ஸ்டாப் வரைக்கும் மூச்சு விடாம போட்டி போடுவோம். நீ ஏமாத்துவ.

அன்னையிலேர்ந்து எனக்கு இந்த நஞ்சுக் கிறுக்கு புடிச்சிருச்சு. பேங்க்ல லஞ்ச் டைம்ல கூட அதத்தான் படிக்கிறேன். எல்லாரும் பிள்ள எவ்வளவு வளந்திருக்குன்னு கேக்குறாங்க, எவளாவது நஞ்சு எப்படி இருக்குன்னு கேட்டாளா? வேலையெல்லாம் அதுதான்டி பாக்குது. அது அம்மாவோட உறுப்புன்னுதானே நெனச்சுக்கிட்டு இருக்கோம்? இல்லையாம். கருவோட செல்லுலேர்ந்துதான் அது உருவாகுது. அதாவது பிள்ளையோட உறுப்பு, எங்கிட்ட வந்து வேர் விட்டிருக்கு. கிட்ல அந்த ரெண்டாவது கோடு விழுதுல்ல, அந்த ஹார்மோன அனுப்புறதே நஞ்சா மாறப்போற செல்லுங்கதான். எனக்குத் தெரியுறதுக்கு முன்னாடியே அது வேலைய ஆரம்பிச்சிருச்சு. என் ரத்தக்குழாய அகலப்படுத்தி, தன் பக்கம் திருப்பிக்கிட்டு, 10 வாரம் வாக்குல அதுவரைக்கும் என் சினைப்பை பாத்துக்கிட்டிருந்த ஹார்மோன் வேலையையும் தானே எடுத்துக்கிட்டு... வாடகைக்கு வந்தவன் வீட்டு வயரிங்க மாத்துற மாதிரி. இதுல பாதி அவரோட ஜீன் வேற. அவர்கிட்ட சொன்னேன், "உங்க வீட்டு சரக்குதான், அதான் சொன்ன எடத்துல ஒட்டாம கீழ போய் உக்காந்திருக்கு"ன்னு. மனுஷன் சிரிக்காம, "நான் என்ன செய்யணும்"னு கேட்டாரு. பாவம்.

சரி, மேல போகும்னு சொல்றாங்களே, அது எப்படி நடந்து போகும்? நடக்கல. ஒட்டுன எடத்துலயேதான் இருக்கு. கர்ப்பப்பையோட கீழ்ப்பக்கம் கடைசி மாசங்கள்லதான் நல்லா இழுபட்டு வளருது, அதோட சேந்து இதுவும் வாயிலேர்ந்து தள்ளிப் போகுது. ஊதாத பலூன் வாய்கிட்ட ஒரு ஸ்டிக்கர் பொட்ட ஒட்டிட்டு ஊதிப் பாரேன், பொட்டு எங்க போகுதுன்னு. நான் ஊதிப் பாத்தேன். அத்தை பாத்துட்டு, பிள்ளைக்கு இப்பயே விளையாட்டு சாமான் வாங்கக்கூடாதுன்னு பலூன புடுங்கி வச்சிட்டாங்க.

இப்ப உன்மேல கோவமா வரேன். ரெண்டு பெத்தவ நீ. ஒரு வார்த்தை சொன்னியா? வாந்தி வரும்னு சொன்ன, கால் வீங்கும்னு சொன்ன. பல்லு வெளக்குனா ஈறுலேர்ந்து ரத்தம் வரும்னு சொன்னியா? செருப்பு சைஸ் மாறும்னு? தொப்புளுக்குக் கீழ எவனோ ஸ்கெட்ச் பேனாவால கோடு போட்ட மாதிரி கறுப்பா ஒண்ணு வந்திருக்கே, அத? முடி கொட்டாம அடர்த்தியா இருக்குன்னு சந்தோஷப்பட்டேன், பொறந்தப்புறம் இருக்கு கச்சேரின்னு பார்லர்ல சொன்னாங்க. அதையும் நீ சொல்லல. உடம்புல ஓடுற ரத்தம் பழைய அளவவிட கிட்டத்தட்ட பாதி கூடிருமாம், அதுல தண்ணிப் பங்குதான் அதிகமா கூடுறதால ஹீமோகுளோபின் எறங்கித் தெரியுது. எனக்கு 9.6. இரும்பு மாத்திரை, அதோட காபி சேக்கக்கூடாதுன்னுட்டாங்க. காபி இல்லாத காலையில எங்கிட்ட யாரும் பேசறதில்ல இப்ப.

அந்த ரத்தசோகையோ என்னவோ, மழை பேஞ்ச மண்ணு வாசனைக்கு நாக்கு ஊறுதுடி. சத்தியமா. மொட்ட மாடியில தொட்டி மண்ண ஒரு சிட்டிகை வாயில போட்டுக்கிட்டேன். சொல்லிடாத. நீ மூணாங்கிளாஸ்ல பல்பம் தின்னு மாட்டுனப்ப நான் காட்டிக் கொடுத்ததுக்கு இது தண்டனைன்னு வச்சுக்கோ. புறநானூத்துல சேர ராஜாவப் பத்தி ஒரு பாட்டு இருக்கே, உன் நாட்டு மண்ண மசக்கைக்காரிங்க ஆசப்பட்டு திங்கறது தவிர எதிரிங்க யாரும் திங்க முடியாதுன்னு. தமிழ் ஐயா அத நடத்துறப்ப கிளாஸ் முழுக்க சிரிச்சோம். அந்தக் காலத்துலயே இருந்திருக்கு பாரு, எவளும் என்னமோ புதுசா கண்டுபுடிக்கல. டாக்டர்கிட்ட சொன்னேன், பூச்சி வரும், வேணாம்னு சொல்லி மாத்திரைய ரெண்டாக்கிட்டாங்க.

சரி, இப்ப சொல்றத நிதானமா படி. போன் போட்டு கத்தாத.

24-வது வாரம், ஒரு ராத்திரி எழுந்து போனப்ப ரத்தம் பட்டிருந்துச்சு. வலி துளி கூட இல்ல. வலி இருந்தா கூட பரவால்ல போல, சும்மா செவப்பா ஒரு கறை. அவரு ஆட்டோ புடிக்க ஓட, நான் சுவத்தப் புடிச்சிக்கிட்டு நின்னேன். அப்ப என் மனசுல ஓடுனது என்ன தெரியுமா, யார் யாருக்கு சொல்லியிருக்கோம்னு எண்ணிப் பாத்தேன். மூணே பேரு. நல்லவேளைன்னு தோணுச்சு. உன்கிட்ட சொல்லாம இருந்ததுக்கு அந்த ஒரு நிமிஷம் நிம்மதியா இருந்துச்சுடி. இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு, ஆனா உன்கிட்ட பொய் சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரியில வயித்துல கருவிய வச்சதும் குதிர ஓடுற மாதிரி சத்தம். 148. ஒண்ணும் நடக்காத மாதிரி ஓடிக்கிட்டிருந்தாரு உள்ள. நிமிஷத்துக்கு 110லேர்ந்து 160 வரைக்கும் நார்மல்னு ட்யூட்டி டாக்டர் சொன்னாங்க, சின்னப் பொண்ணு, நம்மள விட பத்து வயசு கம்மி இருக்கும். ரெண்டு நாள் வச்சிருந்து பாத்தாங்க, கறை அதோட நின்னு போச்சு. அப்ப 600 கிராம். நான் சந்தையில அவரைக்கா வாங்குற அளவு. ஒருவேள சீக்கிரம் எடுக்க வேண்டி வந்தா நுரையீரலுக்காக எனக்கு ஊசி போடணும்னு சொல்லி வச்சாங்க, மூச்சு விட்டா நுரையீரல் ஒட்டிக்காம இருக்க ஒரு வழவழப்பு சுரக்கணுமாம், அது கடைசி மாசங்கள்லதான் போதுமான அளவு வருது. அன்னையிலேர்ந்து ஒவ்வொரு திங்கக்கிழமையும் காலண்டர்ல ஒரு வட்டம். ஒரு வாரம் தாண்டுனா ஒரு வாரம் லாபம்.

இன்னொண்ணும் படிச்சேன். அத அவருக்கு கூட சொல்லல. அம்மா ரத்தமும் பிள்ள ரத்தமும் நேரா கலக்காதாம், நடுவுல நஞ்சு நின்னுக்கிட்டு சத்து, ஆக்சிஜன மட்டும் கைமாத்தி விடுது. ஆனா பிள்ளையோட செல்லு ஒண்ணு ரெண்டு எப்படியோ தப்பிச்சு அம்மா பக்கம் வந்துருமாம். வந்து பல வருஷம் அங்கயே இருக்குமாம். அத படிச்சிட்டு ரொம்ப நேரம் பாத்ரூம்ல உக்காந்திருந்தேன். போன வருஷத்து ஆள நெனச்சுக்கிட்டு. வேற ஒண்ணும் இல்ல.

இப்ப 32 வாரம், ஆளு 1.7 கிலோ. கண்ண தெறந்து மூடுறாரு, பனிக்குடத் தண்ணியையே முழுங்குறாரு, அதுலயே ஒண்ணுக்கும் போறாரு, சாமர்த்தியம் பாரு. நான் நடந்தா தூங்குறாரு, படுத்தா முழிச்சிக்கிறாரு. "ரு" போடுறேன்னு பையன்னு நெனச்சிக்காத, மரியாதை அவ்வளவுதான். அத்தைதான் எந்தப் பக்கம் படுக்குற, முகம் வெளுத்திருக்கா கறுத்திருக்கான்னு ஆராய்ச்சி. ஸ்கேன் சென்டர்ல "இங்கு பாலினம் தெரிவிக்கப்படமாட்டாது"ன்னு அவ்வளவு பெரிய போர்டு, அதுக்குக் கீழயே நின்னு "சும்மா ஜாடையா சொல்லும்மா"ன்னு கேக்குறாங்க. எனக்கு மானம் போச்சு.

வளையல் சத்தத்துக்கு நல்லா உதைக்கிறாருடி. கேக்குது போல. அந்த சத்தத்துல எனக்குத்தான் தூக்கம் போச்சு.

காலையில 10 மணிக்கு அடுத்த ஸ்கேன். ஏறியிருக்கா இல்லையான்னு நாளைக்குத் தெரியும். அனுப்பாம வச்சிருக்கேன், பாத்துட்டு சேத்து எழுதுறேன்.

–

மத்தியானம் 2 மணி. பாத்தாச்சு.

17 மில்லிமீட்டர்.

20 வேணும், 17. மூணு கம்மி. "நல்லா ஏறியிருக்கு, இன்னும் ஏறலாம், 36 வாரத்துல ஒரு தடவ பாத்துட்டு முடிவு பண்ணலாம், அதுவரைக்கும் வெயிட் தூக்காதீங்க"ன்னாங்க. அவரு பக்கத்துல நின்னு விரல் மடக்கி நாலு வாரம்னு எண்ணுறாரு. நான் சிரிச்சிட்டேன். டாக்டருக்கு ஒண்ணும் புரியல. எனக்கு நீ கணக்குல 32 மார்க் வாங்கிட்டு பேப்பர கையில வச்சிக்கிட்டு சைக்கிள் ஸ்டாண்டுல நின்ன மூஞ்சிதான் ஞாபகம் வந்துச்சு. மூணு மார்க்குக்கு எந்த சாமிக்கு என்ன வேண்டிக்கிட்டியோ, அதே சாமிக்கு இப்ப திரும்ப வேண்டிக்கோ. பழைய பாக்கி இருந்தா முதல்ல அத குடுத்துரு.

வர்றப்ப உங்க அம்மா போடுற நார்த்தங்கா ஊறுகா ஒரு பாட்டில். உப்பு கம்மியா போடச் சொல்லு, பிரஷர் பாக்குறாங்க.

உன்
குண்டூசி (இப்ப அந்தப் பேருக்கு அர்த்தமே இல்ல)