ஏறுவதை எழுதினீர்கள், இறங்குவதை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் ஆன்மிக இணைப்பில் பர்வதமலைப் பயணம் பற்றி இரண்டு பக்கம் போட்டிருந்தீர்கள். படங்கள் பிரமாதம். பௌர்ணமிக்குப் போங்கள், இன்ன வழியாக ஏறுங்கள், சுவாமி பெயர் மல்லிகார்ஜுனேஸ்வரர், அம்பாள் பிரமராம்பிகை, ஸ்ரீசைலத்திலும் இதே பெயர்கள்தான் என்பது வரைக்கும் எல்லாம் இருந்தது. இறங்குவதைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. அதைப் படித்துவிட்டு எங்கள் தெருப் பையன்கள் ஐந்து பேர் வேன் பேசக் கிளம்பிவிட்டார்கள், அதனால்தான் இந்தக் கடிதம்.

எனக்கு வேலூர் சத்துவாச்சாரி. 1989இல் மாவட்டத்தைப் பிரிக்கும் வரைக்கும் பர்வதமலை எங்கள் வட ஆற்காட்டு மலைதான், இப்போது திருவண்ணாமலை மாவட்டக் கணக்கில் இருக்கிறது. அதனால் என்ன, கணியம்பாடி, கண்ணமங்கலம் தாண்டிப் போளூர், அங்கிருந்து செங்கம் ரோட்டில் தென்மாதிமங்கலம் என்று போகிற வழி மாறவில்லையே. கடலாடிப் பக்கமிருந்தும் ஒரு பாதை உண்டு. உயரம் 4,560 அடி என்கிறார்கள். எங்களுக்கு அன்றைக்கு அது இரண்டு மடங்காகத் தெரிந்தது.

இரண்டு வருஷம் முன்னால் ஐப்பசிப் பௌர்ணமி. நான், தம்பி, தம்பி மகன், அவன் மனைவி என்று நாலு பேர். விடியற்காலை ஆறு மணிக்கு அடிவாரத்தில் இருக்க வேண்டும் என்றுதான் பேச்சு. வேன்காரர் அங்கே இரண்டு பேர், இங்கே மூன்று பேர் என்று ஏற்றிக்கொண்டே வந்ததில் பதினொன்றரைக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். பச்சையம்மன் கோயில் பக்கம் மோர் விற்ற அம்மா எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னா சார், இப்பப் போயி எப்ப எறங்குவீங்க?" என்று கேட்டார். அன்றைக்கு எங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான், நாங்கள் சிரித்துவிட்டுப் போய்விட்டோம்.

ஏறியது கஷ்டம்தான், ஆனால் மறுக்க முடியாத சந்தோஷம். படிக்கட்டு முடிந்து கல்லும் வேருமான பாதை, அதற்கு மேலே கடப்பாரைப் படி. பாறையில் அடித்து இறக்கிய இரும்புக் கம்பி, பிடித்துக்கொள்ளச் சங்கிலி, பக்கத்தில் எட்டிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. உச்சியில் நம் கையாலேயே லிங்கத்துக்கு அபிஷேகம் செய்தோம், தம்பி குழந்தை மாதிரி அழுதுவிட்டான். அப்போது மணி நாலரை.

அப்புறம்தான் ஆரம்பித்தது. பௌர்ணமி என்பதால் சாயங்காலம் ஏற வந்த கூட்டம் எதிரே வருகிறது, நாங்கள் இறங்குகிறோம், கடப்பாரைப் படியில் ஒரு ஆள் நிற்கத்தான் இடம். அங்கேயே முக்கால் மணி நேரம் போனது. ஏறும்போது மூச்சுதான் வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது உடம்புப் பாரம் முழுக்க முட்டியில் விழுகிறது, தொடை நடுங்க ஆரம்பித்தால் நின்றாலும் நடுங்குகிறது. ஏழு மணிக்கு மழை. ஒரே ஒரு செல்போன் வெளிச்சம், மற்றதெல்லாம் படம் பிடித்தே தீர்ந்து போயிருந்தது. ஏறும்போது செருப்பு நனையாமல் தாண்டிய ஓடையில் முழங்காலுக்குத் தண்ணீர். தம்பி மருமகள் வழுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகியது. அடிவாரம் வந்தபோது மணி பத்தேகால், வேன் கிளம்பிப் போயிருந்தது. அந்த மனுஷனை என்ன சொல்ல!

வீட்டுக்கு வந்து முட்டியில் கட்டுப் போட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தபோது, தமிழ் எம்.ஏ. படிக்கும் என் மகள் மலைபடுகடாம் என்ற சங்கப் பாட்டை எடுத்துக் காட்டினாள். அதில் வரும் நவிரமலை இந்த மலைதான் என்று சொல்வார்கள். நன்னன் என்ற மன்னனிடம் பரிசு வாங்கப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்கிற பாட்டு அது. பன்றிக்கு வைத்த பொறி இருக்கிற வழியில் விடிந்த பிறகு போங்கள், பாசி வழுக்குமிடத்தில் பக்கத்திலிருக்கிற சிறு மூங்கிலையும் கோரைத் தண்டையும் பிடித்துக்கொள்ளுங்கள், இருட்டிவிட்டால் நடக்காதீர்கள், சொந்த வீட்டுக்குள் போகிற மாதிரி கல் குகைக்குள் போய்த் தங்கிவிட்டு விடிந்ததும் கிளம்புங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறது. சங்க காலத்துப் புலவருக்குத் தோன்றியது உங்கள் இணைப்பிதழுக்குத் தோன்றாமல் போய்விட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என் யோசனை, கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும் என்பதுதான். மாலை நாலு மணிக்கு அடிவாரத்தில் இருக்க வேண்டும். அப்படியானால் உச்சியை விட்டுப் பன்னிரண்டுக்குக் கிளம்ப வேண்டும், அப்படியானால் காலையில் வெளிச்சம் வந்ததும் ஏற ஆரம்பித்திருக்க வேண்டும். அது நடக்காது என்றால் முதல் நாளே போளூரில் தங்கிவிடுங்கள். வெறும் காலோடு ஏறுவதாக வேண்டிக்கொண்டவர்களுக்கும் இதுதான் நல்லது, பதினொரு மணிக்கு மேல் பாறை கொதிக்கும். பௌர்ணமியை விட்டுவிட்டு வாரநாளில் ஒரு நாள் போனால் சுவாமி கோபித்துக்கொள்ள மாட்டார். கையில் பை வேண்டாம், குரங்கு பிடுங்கிவிடும், கடப்பாரைப் படியில் இரண்டு கையும் வேண்டும், முதுகில் மாட்டுகிற பைதான் சரி. கைத்தடி ஏறுவதற்கு இல்லாவிட்டாலும் இறங்குவதற்கு. டார்ச் ஆளுக்கு ஒன்று. ஏற விடுகிற நேரத்தை வனத்துறை அவ்வப்போது மாற்றுகிறது, மழை என்றால் தடுத்தும் விடுகிறார்கள், அதனால் கிளம்புவதற்கு முன் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

முட்டி வலி இருக்கிற பெரியவர்களை, "அம்மா, மெதுவா ஏறிடலாம் வாங்க" என்று தயவுசெய்து இங்கே கூட்டிப் போகாதீர்கள். ஏறிவிடுவார்கள், அதுதான் பிரச்சினையே. அவர்களுக்குச் சோளிங்கர் நரசிம்மர் மலைக்கோயில் இருக்கிறது. 1,305 படி என்றாலும் இப்போது ரோப் கார் போகிறது, இறங்குவதற்கும் அதே ரோப் கார்.

அடுத்த தடவை மலைக்கோயில் பற்றிப் போடும்போது ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் ஒதுக்குங்கள், ஐயா. இறங்க எத்தனை மணி நேரம், உச்சியை விட்டு எத்தனை மணிக்குள் கிளம்ப வேண்டும், அடிவாரத்திலிருந்து கடைசி பஸ் எப்போது. பௌர்ணமிப் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினால் இடம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.